முன் சீட்டில் உட்காரும் முன்: ஏர்பேக்கைச் சரிபார்ப்பது எப்படி?

முதலில் ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்காருங்கள். எதிரே, கிளவ் பாக்ஸுக்கு மேலே 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் 2021-இல்தான் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய காரில் இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்து சாவியைத் திருப்புங்கள். உட்கார்ந்த ஆளின் முன்னால் ஒரு பந்து இருப்பதுபோன்ற விளக்கு மீட்டரில் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும், எரியவே இல்லை என்றாலும் உடனே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். போன மாதம் தம்பியின் காரில் முன் சீட்டில் 10 கிலோ அரிசிப் பையை வைத்தோம். வண்டி நகர்ந்ததும் 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தது. "பாத்தியாண்ணே, யார் உக்காந்திருக்காங்கன்னு காருக்கே தெரியுது" என்றான். இல்லை. அது சீட் பெல்ட் போடச் சொல்லும் சத்தம். சீட்டில் ஏதோ கனம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் 2003 முதல் 2006-க்குள் வந்த விதிகளால், அங்குள்ள பல கார்கள் எடையை அளந்து, குழந்தை என்று தெரிந்தால் ஏர்பேக்கைத் தாமாகவே நிறுத்திவிடும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

அதனால் உங்கள் காரில் கையால் நிறுத்தும் ஸ்விட்ச் உண்டா என்று தேடுங்கள். இடது முன்கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் ஓரத்திலோ, கிளவ் பாக்ஸுக்குள்ளோ சாவித் துவாரம்போல இருக்கும். இல்லாத கார்களும் நிறைய. கார் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். கண் இமைப்பதற்குள், மணிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் வெடித்து விரிகிற பை அது. உங்கள் நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். அழுதாலும் பரவாயில்லை, பின் சீட்டில், அதற்கான சீட்டில் கட்டி உட்கார வையுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பெரியவர்கள் சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, முதுகு சாய்ந்து உட்காருங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படியட்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல்பட்டையை அக்குளுக்கு அடியில் விடாதீர்கள். பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்புவது ஆபத்து. டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைக்கவும் கூடாது.

அப்புறம், டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார். ஏர்பேக் மூடியின் மேல் இருந்தால், அது விரியும்போது முகத்தில்தான் வந்து அடிக்கும். மெதுவாகப் பெயர்த்து நடுவில், மூடியைத் தாண்டி வையுங்கள்.