ஷோன்புரூன் அரண்மனைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியன்னாவுக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் ஷோன்புரூன் அரண்மனைக்கு அனுப்பி வைப்பது, சில நேரம் கூடவே போவது, கோடை வந்தால் எனக்கு வழக்கமான வேலை. ஆட்கள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. நடக்க வசதியான செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நுழைவு நேரத்துக்கு முன்னால் குன்றேறுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. அரண்மனை டிக்கெட்டில் தேதியோடு உள்ளே போக வேண்டிய நேரமும் இருக்கும். சினிமாவுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனாலும் டார்ச் அடித்து இடம் காட்டுவார்கள். அந்த நினைப்போடு இங்கே வராதீர்கள்.

ஒரு கோடையில் தெரிந்த குடும்பம் ஒன்று வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி. டிக்கெட் பத்தரை மணிக்கு. ஒன்பதரைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள், நல்ல விஷயம். “ஒரு மணி நேரம் சும்மா நிற்பானேன், மேலே போய்ப் போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்” என்று குளோரியட்டை நோக்கி நடந்தார்கள்.

குளோரியட் என்பது தோட்டத்தின் மறுகோடியில், குன்றின் உச்சியில் 1775-ல் எழுப்பிய தூண் மண்டபம். அரண்மனையின் பின்பக்கம் நின்று பார்த்தால் இதோ இருக்கிறது என்று தோன்றும், நடுவில் பார்வையை மறைக்க ஒரு மரம்கூட இல்லை. நடந்தால்தான் தெரியும். பூப்பாத்திகளைக் கடக்க வேண்டும், நெப்டியூன் நீரூற்றைச் சுற்ற வேண்டும், அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் பாதை. இந்தத் தோட்டம் கிழக்கு மேற்காக 1.2 கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஏறக்குறைய 1 கிலோமீட்டர். பாட்டிக்கு முழங்கால் வலி, பாதி ஏற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்து இருபதுக்கு எனக்குப் போன்: “அண்ணா, நாங்க இன்னும் மேலதான் இருக்கோம்.”

இறங்கி வரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் இருந்தது மாலை நான்கு மணிக்குத்தான். மறுபடியும் ஐந்து டிக்கெட்டுக்குப் பணம். அதற்குள் பிள்ளைகள் சோர்ந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் எல்லா அறைகளையும் ஓடிக் கடந்துவிட்டு வெளியே வந்தார்கள்.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1,441 அறைகள் உள்ள அரண்மனையில் நாற்பது அறைதான் பார்வைக்குத் திறந்திருக்கிறது. இசைமேதை மொசார்ட் ஆறு வயதில், 1762-ல், பேரரசி மரியா தெரேசா முன்னிலையில் வாசித்ததாகச் சொல்லப்படும் கண்ணாடி அறை அதில் இருக்கிறது. பேரரசர் பிரான்ஸ் யோசப் 1916-ல் உயிர்விட்ட எளிய இரும்புக் கட்டில் இருக்கிறது. 1918 நவம்பர் 11 அன்று பேரரசர் கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக் கையெழுத்திட்ட நீலச் சீன அறையும் இருக்கிறது. அவ்வளவு தூரம் விமானமேறி வந்தவர்கள் இதில் எதன் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்கவில்லை.

ஆகவே அரண்மனை முதலில், தோட்டம் அப்புறம். தோட்டத்துக்குக் கடிகாரமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. 1779 வாக்கிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், இன்றும் காலை ஆறரைக்கே உள்ளூர்க்காரர்கள் ஓடப் போய்விடுகிறார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் முன்முற்றத்தில் உட்கார்ந்திருங்கள். பின்பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள்.

மில்லியன் அறையைத் தவற விடுவது

அரண்மனைக்குள் இருக்கும் இந்த அறையில் சுவரெல்லாம் விலையுயர்ந்த மரப்பலகை, அதில் பதித்த இந்திய-பாரசீகச் சிற்றோவியங்கள். முகலாய அரசர்களின் வாழ்க்கைக் காட்சிகள் அவை. அரண்மனையில் வாழ்ந்த ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தாரே அந்த ஓவியங்களை வெட்டி, தங்களுக்குப் பிடித்த மாதிரி சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அழகு, வெட்டியதை நினைத்தால் மனசு பதறும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டிய அறை, ஆனால் கால் வலியில் இதைத்தான் வேகமாகக் கடக்கிறார்கள். விலை குறைந்த டிக்கெட்டில் எல்லா அறைகளும் சேராது. வாங்கும் முன் இந்த அறை உண்டா என்று பாருங்கள்.

உள்ளே போட்டோ

எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் போனைப் பைக்குள் வையுங்கள்.

தோட்டத்தில் எல்லாமே இலவசம் என்று நினைப்பது

பாதைகள், பூப்பாத்திகள், நீரூற்றுகள் இலவசம். புதிர்ப்பாதை, பட்டத்து இளவரசர் தோட்டம், பனைமரக் கண்ணாடி மாளிகை, குளோரியட்டின் மேல்தளம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் புதிர்ப்பாதைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

மிருகக்காட்சிசாலையைப் போகிற போக்கில் பார்ப்பது

அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1752-ல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறவற்றில் உலகிலேயே பழையது. அரை நாள் ஒதுக்க முடியாவிட்டால் போகவே வேண்டாம்.

தவறான நிலையத்தில் இறங்குவது

அரண்மனைக்கு ஷோன்புரூன், மிருகக்காட்சிசாலைக்கும் பனைமர மாளிகைக்கும் ஹீட்சிங். இரண்டும் யூ4 மெட்ரோ பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள்.

குளிர்காலத்தில் தோட்டத்துக்காக வருவது

நீரூற்றுகள் ஓடாது, பாத்திகளில் பூ இருக்காது, புதிர்ப்பாதை மூடியிருக்கும். அறைகளை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். கூட்டம் குறைவு, மில்லியன் அறையில் வேண்டிய மட்டும் நிற்கலாம்.