சிதறிக் கிடக்கும் கணினிகளில் ஏஐ: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

ஏஐ என்றாலே ஆயிரக்கணக்கான ஜிபியூக்களை (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குப் போடும் சிப்கள்) ஒரே இடத்தில் அடுக்கிய டேட்டா சென்டர்தான் என்று ஆகிவிட்டது. அதே வேலையை உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சாதாரணக் கணினிகளிடம் பிரித்துக் கொடுக்க முடியாதா? சில வேலைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிலவற்றில் முக்கித் திணற வேண்டியிருக்கும். எது எந்த வகை என்பது கைப்பட செய்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

படி 1: பாயிங்க் (BOINC) நிறுவுங்கள்

பெரிய கணக்குகளைத் துண்டு துண்டாக்கித் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இலவச மென்பொருள் இது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. வேற்றுக்கிரக சிக்னல்களைத் தேட 1999-இல் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' திட்டத்தின் அனுபவத்தில் பிறந்தது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்ததும் புதிய புராஜெக்ட் சேர்க்கச் சொல்லும். பட்டியலில் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் நட்சத்திரங்களைத் தேடுகிற திட்டம். கணக்கு தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் வேலைகள் வந்து வரிசையில் நிற்கும்.

படி 2: வேகத்தைக் கட்டுங்கள்

இதை விட்டுவிட்டால் லேப்டாப் அடுப்பாகக் கொதிக்கும். கணக்கீட்டு அமைப்புகளில் சிபியூ நேரத்தை 50 சதவீதத்துக்குக் குறையுங்கள். பேட்டரியில் ஓடும்போது நிறுத்தச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: வைஃபையை அணையுங்கள்

ஒரு வேலை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். சதவீதம் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துண்டும் தனித்தனி. பக்கத்துக் கணினியோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் பாதியில் கைவிட்டால் அந்தத் துண்டு வேறொருவருக்குப் போகும். பொய் விடை அனுப்பினால்? பெரும்பாலும் ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒப்பிட்டுவிடுவார்கள்.

படி 4: ஒரு கணக்குப் போடுங்கள்

ஏஐ பயிற்சி இப்படி நடப்பதில்லை. வழக்கமான முறையில், பயிற்சியின் ஒவ்வொரு அடிக்கும் (ஸ்டெப்) எல்லா ஜிபியூக்களும் கண்டுபிடித்த திருத்தங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும். 800 கோடி பாராமீட்டர் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்) கொண்ட மாடலை எடுங்கள். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 16 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், அதாவது 12.5 மெகாபைட்டில், ஒரு தடவை அனுப்பவே 21 நிமிடத்துக்கு மேல் ஆகும். என்விடியா ஹெச்100 ஜிபியூக்களை இணைக்கும் என்விலிங்க்கின் அதிகபட்ச வேகம் நொடிக்கு 900 ஜிபி. அங்கே அதே வேலை கண் இமைக்கும் முன் முடிந்துவிடும். பயிற்சிக்கு லட்சக்கணக்கான அடிகள் தேவைப்படலாம். ஆக, உலகத்தில் சும்மா கிடக்கும் சிபியூக்களைக் கூட்டிக் காட்டி "டேட்டா சென்டருக்கு மாற்று" என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. முட்டுக்கட்டை நடுவில் இருக்கும் கம்பியில்தான்.

அதைத் தாண்டும் வழியும் உண்டு. கூகுள் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட டைலோகோ முறையில், ஒவ்வொரு கணினிக் குழுவும் சுமார் 500 அடிகள் தனியாக நடந்துவிட்டு ஒருமுறை மட்டும் திருத்தங்களைப் பரிமாறிக்கொள்ளும். இதை ஒட்டிய முறையில் பிரைம் இன்டலெக்ட் நிறுவனம் 2024-இல் 1,000 கோடி பாராமீட்டர் மாடல் ஒன்றைக் கண்டம் தாண்டிய கணினிகளில் பயிற்றுவித்தது. கவனியுங்கள், அங்கேயும் ஓடியவை டேட்டா சென்டர் ஜிபியூக்கள்தான், வீட்டு லேப்டாப்கள் அல்ல.

படி 5: பயிற்சி முடிந்த மாடலைப் பிரித்து ஓட்டுங்கள்

இது நம் கைக்கு எட்டுவது. முதலில், சொந்தக் கணினியில் மாடல் ஓட்ட உதவும் எல்எம் ஸ்டுடியோ (LM Studio) மென்பொருளில், ஒவ்வொரு பாராமீட்டரையும் 4-பிட்டாகச் சுருக்கிய சிறிய மாடல் ஒன்றை ஓட்டிப் பழகுங்கள். 16 ஜிபி ரேம் இருந்தால் 800 கோடி பாராமீட்டர் மாடல் தாங்கும். அப்புறம், அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான லாமா.சிபிபியின் (llama.cpp) ஆர்பிசி (RPC) வசதிக்குப் போங்கள், ஒரு மாடலைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டும் வசதி அது: இரண்டாவது கணினியில் அதன் சர்வரை ஓட விட்டு, முதல் கணினியில் அதன் முகவரியைக் கொடுத்தால், மாடலின் அடுக்குகள் (ஒன்றன் பின் ஒன்றாகக் கணக்கிடும் பகுதிகள்) இரண்டிலும் பிரிந்து உட்காரும்.

பெட்டல்ஸ் திட்டம் இதையே இணையத்தில் செய்தது. 17,600 கோடி பாராமீட்டர் கொண்ட ப்ளூம் மாடலின் 70 அடுக்குகளைத் தன்னார்வலர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். முழு மாடல் 352 ஜிபி. ஆனால் ஒரு டோக்கனுக்காக (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டியது சுமார் 28 கிலோபைட்தான். அதனால்தான் அது ஓடியது.

ஆனால் ஒன்று: அந்த ஆர்பிசி சர்வருக்குப் பாதுகாப்பு கிடையாது, பொது நெட்வொர்க்கில் திறக்கவே கூடாது என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். பெட்டல்ஸ் போல யாரும் சேரக்கூடிய கணினிக் கூட்டத்தில் நீங்கள் தட்டும் வரிகள் முகம் தெரியாதவர்களின் கணினி வழியாகப் போகின்றன. கடவுச்சொல், மருத்துவ அறிக்கை, அலுவலக ஆவணம் எதையும் அங்கே ஒட்டாதீர்கள். அதற்கெல்லாம் உங்கள் கணினியிலேயே ஓடும் அந்தச் சின்ன மாடல் போதும்.