பெரிய வீட்டு வேட்பாளருக்கு விருப்பு வாக்குப் போடமுன்ன

எலக்சன் வந்தா அப்பா எம்பி, மாமா டொக்டர், படிச்சது லண்டன் எண்டு நோட்டீஸ் வரும், அது குத்தமில்ல, ஏழை வீட்டுப்புள்ள எண்டதும் ஒரு சேர்டிபிகேட் இல்லதானே.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால கிடக்கிற படுவான்கரைக்கு ஓட்டுக் கேட்டு வந்தா இருத்தி வச்சுக் கேளுங்க, நெல்லு கிலோ இப்ப என்ன விலைக்குப் போகுது, மாரியில ரோட்டால தண்ணி பாய்ஞ்சா புள்ளைகள் எப்படி ஸ்கூலுக்குப் போறது, மயிலத்தமடு மாட்டு மேய்ச்சல் தரைப் பிரச்சினைக்கு என்ன செய்யப்போறீங்க எண்டு. பக்கத்தில நிக்கிற ஆளப் பார்த்து முழிச்சா விளங்கிடும். "பாப்பம், செய்வம்" எண்டா விடாதீங்க, எந்த அமைச்சு, எந்த வருசம் எண்டு கேளுங்க.

ஏற்கனவே எம்பியா இருந்தவரெண்டா ஹன்சாட், அதான் சபையில பேசினத எழுதி வைக்கிற பதிவு, பார்லிமென்ட் வெப்சைட்டில கிடக்கு, வாயத் திறந்தவரா எண்டு பாருங்க. எம்பிமார்ர சொத்து விபரம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு சைட்டில இருக்கு. 2023ம் ஆண்டுச் சட்டப்படி எலக்சன் செலவுக் கணக்கும் ரிசல்ட் வந்து 21 நாளுக்குள்ள குடுக்கணும், பெனருக்குக் காசு எங்கால எண்டு அதுல பாக்கலாம்.

மறுகா ஓட்டு. மட்டக்களப்பில சீட் 5, லிஸ்ட்டுக்கு 8 பேர். முதல்ல கட்சிக்குப் புள்ளடி, பிறகு அந்தக் கட்சி லிஸ்ட்டில பிடிச்ச ஆக்களுக்குப் போடுற விருப்பு வாக்கு, அது 3 பேர் வரைக்கும்தான், ஒராளுக்கு மட்டும் போட்டாலும் செல்லும்.