கிறிஸ்துமஸ் குக்கீ: வீட்லயே ஐசிங் போட்டு அலங்கரிக்க

225 கிராம் வெண்ணெய், 200 கிராம் பொடிச்ச சர்க்கரை ரெண்டையும் நல்லா குழைச்சுட்டு ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ், கொஞ்சம் உப்பு சேர்த்து, அப்புறம் 400 கிராம் மைதாவைக் கொட்டி மாவா திரட்டுங்க. பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம், போட்டா குக்கீ உப்பி ஸ்டார் வடிவமே போயிடும். கால் இன்ச் கனத்துல தேய்ச்சு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு, அப்புறமா கட் பண்ணுங்க. ஓவன்ல 175 டிகிரி செல்சியஸ்ல 10-12 நிமிஷம், ஓரம் லேசா செவந்தாலே எடுத்துடணும்.

முழுசா ஆறாம ஐசிங் போடாதீங்க, உருகி வழிஞ்சிடும்.

ஐசிங்குக்கு 225 கிராம் ஐசிங் சுகர், ஒன்றரை டேபிள்ஸ்பூன் மெரிங்க் பவுடர் (காய வச்ச முட்டை வெள்ளைக்கருல செஞ்ச பொடி), மூணு டேபிள்ஸ்பூன் தண்ணி சேர்த்து கெட்டியா அடிங்க (பச்சை முட்டை வெள்ளைக்கரு போடறதை விட இது பாதுகாப்பு, குழந்தைங்க சாப்பிடறதாச்சே). பாதியை அப்படியே பைப்பிங் பேக்ல (நுனியில ஓட்டை வச்ச கூம்புப் பை) போட்டு ஓரம் வரைய வச்சுக்கோங்க, மீதியில சொட்டு சொட்டா தண்ணி விட்டு, கத்தியால கோடு போட்டா 10-15 செகண்ட்ல அது மறையற பதத்துக்கு கொண்டு வந்து உள்ளே நிரப்புங்க. கலருக்கு ஜெல் கலர்தான் நல்லது, லிக்விட் கலர் ஐசிங்கை நீர்த்துப் போக வச்சிடும். குட்டி குட்டியா வர்ற காத்துக் குமிழை டூத்பிக்கால குத்தி விடுங்க.

டிசம்பர்ல சென்னை பக்கம் மழை ஈரத்துல ஐசிங் காயறதுக்கு ரொம்ப லேட் ஆகும், ஃபேனுக்கு கீழ ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல டப்பாவுல அடுக்குங்க.