ஹாஷ் போட்டால் ஆள் மறைந்துவிட மாட்டார்: கட்டடத்துக்குள் இடமறிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்துக்குள் யார் எங்கே இருக்கிறார், எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிற குழுக்களின் டெமோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு தள வரைபடம், அதன்மேல் ஊர்ந்து போகும் வண்ணப் புள்ளிகள், ஓரத்தில் 'அனானிமஸ்' என்று ஒரு பச்சை டிக். எங்கள் காலத்தில் நாங்கள் போட்டுக் காட்டியதும் இதேதான். எந்த இடத்தில் தடுக்கி விழப்போகிறார்கள் என்று பார்க்கும்போதே தெரிந்துவிடுகிறது.

ஆள், பொருள் மேல் மாட்டும் டேக்கின் பேட்டரியை மாற்ற மறப்பது, டேக் சிக்னலைப் பிடித்து அனுப்பும் கேட்வே பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் முதல் மாதத்திலேயே தானாகப் புரிந்துவிடும். புரிய நாளாகிறவற்றை மட்டும் சொல்கிறேன். அவற்றில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அதற்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ அவ்வளவும் வேண்டும் என்பது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து மெலிந்து வரும் சிக்னல் கான்கிரீட் கூரைக்குக் கீழே வேலைக்கு ஆகாது. அதனால்தான் உள்ளே வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. வைஃபை சிக்னலின் பலத்தை வைத்தே 2 முதல் 3 மீட்டர் பிழைக்குள் ஆளைக் காட்டலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே 'ரேடார்' என்ற ஆய்வில் செய்து காட்டினார்கள். சுவரில் ஒட்டும் புளூடூத் பீக்கன்கள், எந்த அறை என்ற அளவுக்குச் சொல்லும். ஆண்ட்ராய்டு 9இல் வந்த வைஃபை ஆர்டிடி, சிக்னல் போய்வரும் நேரத்தை அளந்து 1 அல்லது 2 மீட்டருக்குள் கொண்டுவரும். மிக அகலமான அலைவரிசையில் பேசும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ என்றால் 10 முதல் 30 சென்டிமீட்டர்.

புதியவர்கள் நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மருத்துவமனையில் நரம்பு வழியே மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் எந்த வார்டில் கிடக்கிறது என்று தெரிந்தால் நர்ஸுக்குப் போதும். அதே பம்பை 30 சென்டிமீட்டருக்குள் காட்டினால் நர்ஸுக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் டேக்கை அந்தத் துல்லியத்தில் காட்டினால், யார் யாருடன் பேசிக்கொண்டு நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. யாரும் கேட்காத தகவல் அது. ஆனால் திரையில் வந்துவிட்டால் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இருப்பிடக் கணக்கு எங்கே நடக்கிறது என்பதைக் கடைசியில் யோசிப்பது

ஆங்கர் (டேக்கின் சிக்னலை அளக்கச் சுவரில் மாட்டும் பெட்டி), பீக்கன் எல்லாம் வாங்கி மாட்டிய பிறகு 'தனியுரிமைக்கு என்ன செய்யலாம்' என்று கேட்டு வருகிறார்கள். அப்போது பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, எந்த வன்பொருளை வாங்குகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தத் துறையின் முதல் பெரிய முயற்சி, கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வுக்கூடம் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த 'ஆக்டிவ் பேட்ஜ்'. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் சுமார் 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் எண்ணைச் சொல்லும். சுவரில் இருக்கும் சென்சார்கள் அதைக் கேட்டு மைய கணினிக்கு அனுப்பும். போன் வந்தால் வரவேற்பாளர் ஆள் இருக்கும் அறைக்கே தள்ளிவிடுவார். வசதிதான். ஆனால் எல்லோருடைய இருப்பிடமும் எப்போதும் ஒரே இடத்தில் குவியும். 2000இல் எம்ஐடி செய்த 'கிரிக்கெட்' இதை அப்படியே திருப்பிப்போட்டது. அதில் பேசுவது சுவர், கேட்பது நம் கையில் இருக்கும் கருவி. ரேடியோ அலையும் மீயொலியும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கருவியே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதை வெளியே சொல்வதும் சொல்லாததும் அதை வைத்திருப்பவர் இஷ்டம்.

ஆப்பிள் 2013இல் கொண்டுவந்த ஐபீக்கனும் இந்த இரண்டாவது வகைதான். ஆலைச் சங்கு மாதிரி, அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கும், யார் காதில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு அருங்காட்சியகத்தில் வழிகாட்ட இது போதும். கேட்ட செய்தியை ஆப் உடனே சர்வருக்கு அனுப்பினால் மட்டும்தான் இது ஆக்டிவ் பேட்ஜாக மாறுகிறது. பல ஆப்கள் காரணமே இல்லாமல் அனுப்புகின்றன. 'பின்னால் அனலிடிக்ஸுக்கு உதவும்' என்பதுதான் வழக்கமான பதில்.

'ஹாஷ் போட்டாச்சு சார், இனி யாருன்னே தெரியாது'

இதுதான் அந்த எரிச்சல். ஹாஷ் என்பது ஒரு எண்ணையோ பெயரையோ அடையாளம் தெரியாத எழுத்துக் குவியலாக மாற்றும் கணக்கு; ஒரே எண்ணுக்கு எப்போதும் அதே குவியல்தான் வரும். ஒவ்வொரு புதுக்குழுவும் இந்த வரியை ஏதோ மந்திரம் போலச் சொல்கிறது. இதில் தவறு ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.

முதல் தவறு வெறும் கணக்கு. இவர்கள் பெரும்பாலும் ஹாஷ் போடுவது மேக் முகவரிக்கு; வைஃபை, புளூடூத் கருவி தன்னை அடையாளம் காட்டும் 48 பிட் எண் அது. அதில் முதல் 24 பிட் பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண்; பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கும். மீதி 24 பிட்டில் மொத்தமே 1,67,77,216 சாத்தியங்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, ஷா-256 ஹாஷை நொடிக்குச் சில நூறு கோடி முறை போட்டுப் பார்க்கும். ஒரு நிறுவனத்தின் எண் தொகுதி கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். ஹாஷைத் தலைகீழாகத் திருப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் யாரும் திருப்புவதில்லையே! எல்லா முகவரிகளுக்கும் ஹாஷ் போட்டுப் பட்டியலில் தேடுகிறார்கள், அவ்வளவுதான். நியூயார்க் நகரம் 17 கோடிக்கும் அதிகமான டாக்சிப் பயணங்களின் தரவைக் கொடுத்தபோது, வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 ஹாஷாக்கித்தான் கொடுத்தது. 2014இல் அது வெளியானபோது, ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்தில் எண்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்.

இதைச் சொன்னால் 'நாங்கள் சால்ட் சேர்க்கிறோம்' என்பார்கள், அதாவது ஹாஷ் போடும் முன் ஒரு ரகசிய எழுத்துத்தொடரைக் கலக்கிறார்களாம். சரி, சேருங்கள். அந்த சால்ட்டைத் தினமும் அழிக்கிறீர்களா? அழிப்பதில்லை. அழித்தால் 'போன வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வாரமும் வந்தார்கள்' என்ற ரிப்போர்ட் வராது, வாடிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டாவது தவறு இங்கே இருக்கிறது. திரும்ப வருகிற ஆளை அடையாளம் காண வேண்டும், ஆனால் ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று ஒரே வாயால் கேட்க முடியாது. பாரிஸின் லா தெஃபான்ஸ் பகுதியில் விளம்பரப் பலகைகளில் வைஃபை பெட்டிகளைப் பொருத்தி, நடந்து போகிறவர்களை எண்ண ஜேசிடெகோ நிறுவனம் அனுமதி கேட்டது. முகவரியின் கடைசித் துண்டை வெட்டுகிறோம், சால்ட் சேர்த்து ஹாஷ் போடுகிறோம் என்றது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மறுத்தது. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் அந்த மறுப்பை உறுதி செய்தது. ஒரே ஆள் மறுபடி வருவதையும் அவர் போகும் வழியையும் அளப்பதே நோக்கம் என்றால் அது பெயரற்ற தரவு ஆகாது என்பதுதான் சாரம். நம் ஊர்க் குழுக்கள் இப்போதும் அதே திட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகின்றன.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஹாஷ் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பாதை முழுசாகக் கோத்து இருந்தால் அந்தப் பாதையே பெயர் சொல்லிவிடும். 2013இல் டி மோன்ட்ஜோயும் சக ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் தரவைப் பார்த்தார்கள். நேரம் மணிக்கணக்கில், இடம் டவர் அளவில். அத்தனை மங்கலான தரவிலும் நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரிக்க முடிந்தது. டவர் அளவிலேயே இப்படி என்றால், ஆளுக்கொரு நாற்காலி இருக்கும் அலுவலகத்தில் என்ன ஆகும்? எந்த நாற்காலியில் ஏழு மணி நேரம் நிற்கிறதோ, அந்தப் புள்ளிதான் அந்த ஆள்.

இதை என் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு பெரிய அலுவலகம். ஊழியர் அட்டையிலேயே புளூடூத் டேக். எந்தக் கூட்ட அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் திட்டம். ஒப்பந்தம் எடுத்த குழு டேக் எண்ணுக்கு ஹாஷ் போட்டிருந்தது. டேக் எண்களோ வரிசையாக ஓடும் நான்கு இலக்கங்கள்! அதை உடைக்கக் கணினி நிபுணர் வேண்டாம், எக்ஸெல் தெரிந்த ஆள் போதும். என்னை வெறுமனே ஒரு கருத்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போது நிர்வாகத்தில் ஒருவர் திரையைக் காட்டி, "அந்தப் புள்ளி எதுக்கு தினமும் ரெண்டு தடவை அந்த மூலை ரூமுக்குப் போகுது?" என்று கேட்டார். கதவருகே நின்றிருந்த பராமரிப்பு மேற்பார்வையாளர் சட்டென்று சொல்லிவிட்டார்: "சார், அது ஃபீடிங் ரூம். நம்ம அக்கவுண்ட்ஸ் மேடமா இருக்கும், இப்பதான் லீவ் முடிஞ்சு வந்தாங்க."

யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. கட்டடத்தைத் தெரிந்த ஒரு ஆள் அறையில் இருந்தார், அவ்வளவே. குழுத் தலைவர் இதற்குப் பிறகும் "டேட்டாபேஸ்ல பேரே இல்ல சார்" என்று வாதாடினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் வெளியே கசிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் திரையைப் பார்த்தால் கணக்குப் பிரிவின் புள்ளிகள் எல்லாம் ஒரே மேஜை இழுப்பறைக்குள் குவிந்திருந்தன. அட்டையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் மற்ற பிரிவுகளும். வாங்கிய கேட்வேக்கள், மாட்டிய கூலி, எழுதிய மென்பொருள் எல்லாம் வீண். கூட்ட அறை காலியா என்று பார்க்க, கதவுக்கு மேல் ஆள் இருப்பதை மட்டும் உணரும் ஒரு சாதாரண சென்சார் போதும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அது யார் என்று அந்த சென்சாருக்குத் தெரியவே தெரியாது.

என்ன செய்யலாம்? எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் கேட்வேயிலேயே எண்ணி, கருவிகளின் அடையாள எண்களை அங்கேயே தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு நாளைய பாதை வேண்டுமென்றால் சால்ட்டை நள்ளிரவில் அழியுங்கள். மிகச் சிலர் மட்டும் இருக்கும் பகுதியின் எண்ணிக்கையைத் திரையில் காட்டாதீர்கள். முழுப்பாதையும் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. லண்டன் சுரங்க ரயிலில் டிக்கெட் தரவு எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று மட்டும்தான் சொல்லும். நடுவில் எந்த வழியாகப் போனார் என்று சொல்லாது. 2016 கடைசியில் நான்கு வாரம் 54 நிலையங்களில் வைஃபை வழியாகப் பார்த்தபோது, கிங்ஸ் கிராஸுக்கும் வாட்டர்லூவுக்கும் இடையே பயணிகள் 18 வழிகளில் போவது தெரிந்தது. நெரிசலைச் சமாளிக்க அது உருப்படியான தகவல், பாதையைக் கோக்காமல் அது கிடைத்திருக்காது. அங்கே கேள்வி முதலில் வந்தது, தரவு பிறகு வந்தது.

பொருளைத்தான் கண்காணிக்கிறோம், ஆளை அல்ல

கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தானாக ஓடுவதில்லை.

போனே மேக் முகவரியை மாற்றிக்கொள்கிறதே என்று நிம்மதியாவது

2013இல் லண்டன் சிட்டி பகுதியில் சில குப்பைத்தொட்டிகள் போகிற வருகிற போன்களின் முகவரியைப் பிடித்தது தெரிந்து, நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 8, நெட்வொர்க்கைத் தேடும்போது போலி முகவரியைக் காட்டத் தொடங்கியது. இணையும்போதும் தனி முகவரி காட்டுவது ஆண்ட்ராய்டு 10இலும் (2019) ஐஓஎஸ் 14இலும் (2020) வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த முகவரி ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறுவேறே தவிர, ஒரே நெட்வொர்க்கில் பெரும்பாலும் அதேதான். நம் ஊர் மாலிலோ விமான நிலையத்திலோ இலவச வைஃபை வேண்டுமென்றால் மொபைல் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட வேண்டும். போட்ட நொடியில் அந்தப் போலி முகவரி உங்கள் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இணையாத போன்களோ ஒன்று பலவாகத் தெரிந்து எண்ணிக்கையை ஊதிவிடும். ஆக, பாதுகாப்பும் அரைகுறை, எண்ணிக்கையும் தப்பு.

'இங்கே கண்காணிக்கிறோம்' என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும் என்பது

அமெரிக்காவில் நோமி என்ற நிறுவனம் கடைகளில் போன்களைப் பின்தொடர்ந்தது. 2013இன் முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் சுமார் 90 லட்சம் கருவிகள். வேண்டாம் என்றால் கடையிலேயே விலகலாம் என்று தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருந்தது. கடைகளில் அப்படி எந்த வழியும் இல்லை. 2015இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இணையத்தில் விலக விரும்புகிறவர் தன் மேக் முகவரியை அவர்களிடமே எழுதிக் கொடுக்க வேண்டும். என்னைப் பார்க்காதே என்று சொல்ல, நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டும்!

ஊழியர்கள் விஷயத்தில் ஒப்புதல் இன்னும் ஒல்லியானது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுச் சட்டம், வேலை தொடர்பான சில காரணங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. சட்டம் விடுகிறதே என்று ஆரம்பிக்கிறவர்களிடம் மேலே சொன்ன இழுப்பறைக் கதையைச் சொல்வேன்.

கழிவறைப் பக்கம் ஆங்கர்

வேண்டாம். 'கவரேஜ் முழுசாக இருக்கட்டும்' என்றாலும் வேண்டாம்.

'இருக்கட்டும், பின்னால் உதவும்'

சிங்கப்பூர் அரசின் டிரேஸ்டுகெதர் ஆப் 2020 மார்ச்சில் வந்தது. இருப்பிடத்தை அது எடுக்கவே இல்லை. யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்பதை மட்டும் புளூடூத்தில் குறித்துக்கொண்டது. கொரோனாத் தொடர்பைத் தேட மட்டும்தான் என்று மக்களிடம் சொல்லியிருந்தார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைக் கேட்டு வாங்க முடியும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று தனிச் சட்டத்தால் வரம்பு கட்ட வேண்டியிருந்தது. நன்றாக யோசித்து வடிவமைத்த அமைப்புக்கே இந்த நிலை. மூன்று வருடப் பாதைகளைக் காரணமின்றி டேட்டாபேஸில் வைத்திருக்கும் ஒரு கிடங்கில், வேலையை விட்டுப்போன ஊழியர் வழக்குப் போட்டால் வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தரவைத்தான். எந்தப் பக்கத்து வக்கீலாகவும் இருக்கலாம்.

எனவே அழிக்கும் நாளைத் திட்டம் தொடங்கும்போதே கோடில் எழுதிவிடுங்கள். பம்ப், ஃபோர்க்லிஃப்ட் தேடுவதற்குக் கடைசியாக இருந்த இடம் மட்டும் போதும், பழைய பாதையே வேண்டாம். அப்புறம், தரவை மொத்தமாக வெளியே எடுக்க வாடிக்கையாளர் கேட்கும் எக்ஸ்போர்ட் பட்டன்: யார், எப்போது, எந்தத் தேதிகளுக்கு அழுத்தினார்கள் என்று பதிவாகும்படி செய்யுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அந்தப் பட்டனை எதற்குக் கேட்டார் என்பது அப்போதுதான் தெரியும்.