கூண்டுப் பறவை நோயுற்றால்: நெல்லைச் சீமையில் முறையான மருத்துவம் பெறும் வழி

பறவை தன் நோயை மறைக்கும் உயிர். தளர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும் என்பதால், நலிவை வெளிக்காட்டாதிருப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது. ஆகவே, வீட்டிலுள்ள லவ் பேர்ட்ஸோ, காக்டெயில் என்னும் கொண்டையுள்ள சிறு கிளியோ இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் தரையில் வந்து அமர்வதை நீங்கள் காணும்போது, பெரும்பாலும் நோய் தொடங்கிச் சில நாட்கள் கடந்திருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அப்போது நேரம் இருப்பதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் காக்டெயிலின் தினைக் கிண்ணம் இரண்டு நாட்களாக நிறைந்தே இருந்தது. நேற்று வைத்தது மிச்சம் இருக்கிறது போலும் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதியபோது மேலே கிடந்த அனைத்தும் உமியாகப் பறந்தது. அடியில் ஒரு மணிகூட இல்லை. பறவை விற்கும் கடை ஒன்றில் கொடுத்த மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலந்துவைத்து மேலும் ஒரு நாளைக் கடத்தினேன். மருத்துவரிடம் கொண்டுசென்றபோது அதன் நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டியது. அன்றிரவே அது இறந்துபோயிற்று.

அதனால், கிராம் கணக்கில் காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள். பறவை நலமாக இருக்கும்போதே, காலையில் தீனி வைப்பதற்கு முன் எடைபோட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்றழைக்கும் பட்ஜி பொதுவாக 30 முதல் 40 கிராமும், காக்டெயில் 80 முதல் 110 கிராமும் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அது எவ்வளவு கலகலப்பாகக் கத்தினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்சத்தையும் தினமும் கவனியுங்கள். நல்ல எச்சத்தில் பச்சையோ பழுப்போ நிறமுள்ள மலமும், சுண்ணாம்பு போன்ற வெள்ளையும், சிறிது தெளிந்த நீரும் தனித்தனியே தெரியும்.

மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல், வலிப்பு, முட்டை வராமல் பெட்டை முக்கிக்கொண்டிருத்தல், நிற்காத இரத்தக் கசிவு ஆகியவை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். 35 கிராம் எடையுள்ள பறவையின் உடலில் மொத்த இரத்தமே மூன்றரை மில்லி அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே செல்வது என்பதுதான் நம் பக்கத்தில் பெரிய கேள்வி. ஊர்தோறும் நாம் மாட்டாஸ்பத்திரி என்றழைக்கும் கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆடு, கோழிக்குத்தான் பெரும்பாலும் மருத்துவம் நடக்கிறது. மருத்துவருக்கு மனமிருந்தாலும் கூண்டுப் பறவைக்கு வேண்டிய கருவி இல்லாமல் போகலாம். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில், 2012இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே செல்வதானாலும் தனியார் மருத்துவரிடம் செல்வதானாலும், முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, கூண்டுப் பறவைகளைப் பார்க்கிறார்களா, எச்சத்தைப் பரிசோதிக்க வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறவை நலமாக இருக்கும் நாளிலேயே இதைக் கேட்டு எண்ணைக் குறித்து வைப்பது மேல்.

கிளம்பும்போது சிறிய கூண்டோ காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியோ போதும். ஊஞ்சலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, அடியில் வெள்ளைத்தாளை விரித்தால் வழியில் இடும் எச்சமே பரிசோதனைக்கு உதவும். நோயுற்ற பறவைக்கு இளஞ்சூடு தேவை. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வருபவர்கள் பருத்தித் துணியால் மூடி ஈரக்காற்றுப் படாமல் கொண்டுவர வேண்டும். சித்திரை, வைகாசியிலோ நிலைமை நேர்மாறானது. வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வருவதென்றால் விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். சிறகை விரித்துக்கொண்டு மூச்சிரைத்தால் துணியை உடனே விலக்குங்கள். நமக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்னும் தசை பறவைக்கு இல்லை, நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. ஆகவே கையில் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் எடை நோட்டு, கொடுத்த தீனி, புதிதாகச் சேர்த்த பறவை, ஏற்கெனவே கொடுத்த மருந்து ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்; கிளியினத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு. தண்ணீரில் கலக்கும் மருந்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது என்பதற்குக் காரணம், நோயுற்ற பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது, எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்றும் தெரியாது. நமக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதோ உயிருக்கே ஆபத்து.

பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பனையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு கையில் கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள்.

வீட்டில் மருந்து கொடுக்கும்போது ஊசியில்லாத சிரிஞ்சை அலகின் ஓரத்தில் வைத்து, ஒரு சொட்டு விழுங்கிய பின்னரே அடுத்த சொட்டை விடுங்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால், அவசரமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு நாளில் தெளிந்துவிட்டாலும் மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும்வரை கொடுங்கள். தினமும் எடையைக் குறித்து, மறுமுறை செல்லும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.