புக்கிட் தீமா மலைக்காட்டில் படம் எடுப்பது எப்படி?

163.63 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாதான் சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று. உச்சியிலிருந்து ஊரையே படம் பிடிக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான், சுற்றிலும் மரங்கள் மறைத்து நிற்கும். இங்கே நல்ல படங்கள் ஏறும் வழியில், காட்டுக்குள்ளேயே கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்குக் கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும், அதன் முன்னால் மாட்டிப் பளபளப்பை அடக்கும் போலரைசர் என்ற வடிகட்டியும் போதும்.

முந்தைய இரவு. கேமரா பையை ஏர்கான் இல்லாத அறையில் வையுங்கள். குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்த உடனே ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேரம். வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறக்கும், இங்கே சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சுமார் கால் மணி நேர நடை. வெயில் ஏறிவிட்டால் இலை இடுக்குகளில் வெள்ளைத் திட்டுகளும் கீழே கரிய நிழலுமாகிவிடும்; எந்தக் கேமராவும் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கத் திணறும். மேகமூட்டமான காலை, அதிலும் மழை விட்ட அரைமணி நேரம், காட்டுப் படத்துக்கு மிக உகந்தது. இடி கேட்டால் மட்டும் உடனே இறங்கிவிடுங்கள்.

கேமரா அமைப்பு. 'ரா' கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்), அப்பர்ச்சர் முன்னுரிமை (லென்ஸ் துளையின் அளவை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), துளை அளவு எஃப்/8. ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர் திறனைத் தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பை 3200 ஆகவும் ஷட்டர் வேகத்தின் கீழ் வரம்பை 1/60 நொடியாகவும் வையுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -0.7க்கு இறக்குங்கள். இருண்ட காட்டைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், அதில் இலை இடுக்கில் தெரியும் வானம் வெந்துபோகும், அதாவது விவரமின்றி வெறும் வெள்ளையாகிவிடும். நிழலின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் கூட்டிவிடலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது.

போலரைசர். ஈர இலைகள் பச்சையாகத் தெரிவதில்லை, வெள்ளையாகப் பளபளக்கும். திரையைப் பார்த்தபடி வளையத்தை மெல்லத் திருகுங்கள். ஓர் இடத்தில் பளபளப்பு அடங்கி, இலையின் நரம்பும் உண்மையான பச்சையும் மேலெழும்; அங்கே நிறுத்துங்கள். கேமராவைக் கிடையிலிருந்து நெடுக்காகத் திருப்பினால் வளையத்தையும் மறுபடி திருக வேண்டும். போலரைசர் 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) என்பதால் ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். அந்த இரைச்சலுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். இரைச்சலைக் குறைக்கலாம், கை நடுங்கிய படத்தைச் சரிசெய்ய முடியாது.

சட்டகம். முன்னால் ஒரு பொருள் வேண்டும்: பலகை வேர் (மரத்தடியில் பலகைபோல் விரியும் வேர்), பாறை, திரும்பும் படிக்கட்டு, எதுவானாலும் சரி. முழங்கால் உயரத்துக்கு இறங்கிப் பாருங்கள், வேர் சட்டகத்தை நிறைக்கும். ஏபிஎஸ்-சி எனும் சற்றே சிறிய சென்சார் உள்ள கேமராவில் 18 மி.மீ., எஃப்/8 வைத்து 2 மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால், சுமார் ஒரு மீட்டர் தொடங்கி தொலைவுவரை தெளிவாக இருக்கும். வானத்தை முடிந்தவரை சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள். மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தாலும் கண் அங்கேதான் ஓடும். நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிபட்ட நாற்றுகள் எளிதில் தேறுவதில்லை.

குவாரி. திறந்த காட்சி வேண்டுமென்றால் அடிவாரத்திலுள்ள ஹிண்ட்ஹீட் குவாரிக்குப் போங்கள். பழைய கருங்கல் சுவரும் தேங்கிய நீரும் உண்டு. இங்கே போலரைசரை முழுதாகத் திருகினால் நீரில் விழும் பிம்பமும் அழிந்துவிடும். பிம்பம் இருக்கும்படி ஒன்று, இல்லாதபடி ஒன்று என இரண்டாக எடுத்து வையுங்கள்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே தீனி. லென்ஸ் துணியைக்கூட அதில் வைக்காதீர்கள், கேமரா பையின் ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டு நகராதீர்கள்.

வீடு திரும்பியதும். கேமராவில் பட்ட வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள். பை ஈரமாக இருக்கும், கேமராவை அதிலேயே விட்டுவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள டிரை பாக்ஸில் வையுங்கள். அது இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள், அல்லது புதிது போடுங்கள்.